உங்கள் டிவியும் ஒரு மானிட்டர்தான்

வீட்டுக் கம்ப்யூட்டரை டிவியில் இணைத்துப் பயன்படுத்தலாமா? 1999-ம் ஆண்டு மதுரையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலுக்கு வந்த நாளில் இருந்து இந்தக் கேள்வியை நான் கேட்காத மாதம் கிடையாது. என் பதிலும் மாறியது கிடையாது. "படம் பார்க்க வேண்டுமானால் மாட்டிக்கொள்ளுங்கள். எழுத்து வேலைக்கு டிவி ஆகாது. கண் கெட்டுப் போகும்."

ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இதையே சொல்லி வந்தேன். முதல் பத்து ஆண்டுகள் அது சரியான பதில். அடுத்த பத்து ஆண்டுகள் அது தவறான பதில். அது எப்போது தவறாகிப் போனது என்பதை நான் கவனிக்கவில்லை. அதனால் என் சொந்த அக்கா மகளே நான்கு மாதம் சிரமப்பட்டாள். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

சரியாக இருந்த பதில்

டிவியைக் கம்ப்யூட்டருக்குத் திரையாக வைப்பது புதிய யோசனை அல்ல. சொல்லப்போனால், வீட்டுக் கம்ப்யூட்டர்கள் பிறந்ததே டிவியை நம்பித்தான். 1982-ல் வந்த சின்க்ளேர் இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம், அதே ஆண்டில் வந்த கமோடோர் 64 போன்றவற்றை டிவியின் ஆன்டெனா சாக்கெட்டில் செருகித்தான் பயன்படுத்தினார்கள். ஸ்பெக்ட்ரம் காட்டிய படத்தின் அளவு 256 × 192 புள்ளிகள். ஒரு வரியில் 32 எழுத்துகள்தான். எழுத்துகள் தடித்தடியாக இருந்ததால் டிவி அவற்றைத் தாங்கியது.

பிரச்னை அதற்குப் பிறகு வந்தது. அலுவலக கம்ப்யூட்டர்கள் ஒரு வரியில் 80 எழுத்துகள் காட்டின. 1987-ல் ஐ.பி.எம். கொண்டு வந்த வி.ஜி.ஏ. முறை 640 × 480 புள்ளிகளைக் காட்டியது. பின்னர் 800 × 600, 1024 × 768 என்று வளர்ந்துகொண்டே போனது. டிவி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. இந்தியாவில் பயன்பட்ட பால் ஒளிபரப்பு முறையில் படத்திற்கு 625 கோடுகள்; அவற்றில் கண்ணுக்குத் தெரிபவை 576. அந்தக் கோடுகளும் ஒரே நேரத்தில் வரையப்படுவதில்லை. முதலில் ஒற்றைப்படைக் கோடுகள், பிறகு இரட்டைப்படைக் கோடுகள் என்று மாறி மாறி வரையப்படும். ஒவ்வொரு கோடும் நொடிக்கு 25 முறைதான் புதுப்பிக்கப்படும். நடிகர் முகத்தைக் காட்டும்போது இது தெரியாது. ஆனால் ஒரு விண்டோவின் மெல்லிய ஓரக்கோட்டைக் காட்டினால் அது நடுங்கும்.

இதோடு இன்னொரு சிக்கல். மஞ்சள் நிற வீடியோ வயர் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த ஒரே வயரில் வெளிச்சத்திற்கான சிக்னலும் நிறத்திற்கான சிக்னலும் கலந்து போகும். டிவி அதைத் திரும்பப் பிரிக்கும்போது கறுப்பு எழுத்தின் ஓரத்தில் வானவில் நிறங்கள் ஒட்டிக்கொள்ளும்.

2003 வாக்கில் டிவி அவுட் வசதி உள்ள கிராபிக்ஸ் கார்டுகள் பிரபலமாக இருந்தன. வாடிக்கையாளர் ஒருவர் தன் 21 இஞ்ச் டிவியில் கம்ப்யூட்டரை இணைத்துத் தரச் சொன்னார். இணைத்தேன். வி.சி.டி. படம் பிரமாதமாக ஓடியது. அவர் மகன் வேர்ட் பைலைத் திறந்தான். ஒரு வரியைப் படிப்பதற்குள் எங்கள் மூவருக்கும் கண் கூசிவிட்டது. அன்று என் மனதில் பதிந்த பாடம்தான் "எழுத்து வேலைக்கு டிவி ஆகாது" என்பது.

2006-ல் இருந்து தமிழக அரசு இலவச கலர் டிவி வழங்கியபோது இந்தக் கேள்வி இன்னும் அதிகமாக வந்தது. "வீட்டில் ஏற்கெனவே ஒரு டிவி இருக்கிறது. இந்த 14 இஞ்ச் டிவியைக் கம்ப்யூட்டருக்கு மானிட்டராக வைக்கலாமா?" என்று பலர் கேட்டார்கள். முடியாது என்றேன். அப்போதும் என் பதில் சரிதான்.

தவறாகிப் போன பதில்

அந்தக் காலகட்டத்திலேயே கடைகளில் டிவி மாறிக்கொண்டிருந்தது. குண்டு டிவி போய், தட்டை டிவி வந்தது. வெளியில் தெரிந்த மாற்றம் இதுதான். உள்ளே நடந்த மாற்றம் இதைவிடப் பெரியது. தட்டை டிவியில் கோடு வரைவதெல்லாம் கிடையாது. அதில் இருப்பது எண்ணி வைத்த புள்ளிகள். எச்.டி. ரெடி என்று விற்கப்படும் 32 இஞ்ச் டிவியில் பெரும்பாலும் 1366 × 768 புள்ளிகள். புல் எச்.டி. என்றால் 1920 × 1080. அதாவது மானிட்டரில் என்ன இருக்கிறதோ அதேதான் டிவியிலும் இருக்கிறது. எல்.சி.டி. மானிட்டரும் எல்.சி.டி. டிவியும் ஒரே தொழில்நுட்பத்தில் செய்த இரு பொருட்கள்.

பின்புற சாக்கெட்டுகளும் மாறின. எச்.டி.எம்.ஐ. முறையின் முதல் வரையறை 2002 டிசம்பரில் வெளியானது. சில ஆண்டுகளில் அது டிவிகளில் இடம் பிடித்தது. பல தட்டை டிவிகளில் கூடவே 15 துளைகள் கொண்ட வி.ஜி.ஏ. சாக்கெட்டையும் கொடுத்தார்கள். அதன் அருகில் பி.சி. இன் என்று அச்சடித்தே இருக்கும். "கம்ப்யூட்டரை இங்கே மாட்டு" என்று டிவி கம்பெனியே எழுதி வைத்திருந்தது. நூற்றுக்கணக்கான வீடுகளுக்குப் போய் வந்த நான் அதைப் பார்க்கவில்லை. என் வேலை கம்ப்யூட்டர் மேஜையோடு முடிந்தது. ஹாலில் இருந்த டிவியின் பின்பக்கத்தை எட்டிப் பார்க்க எனக்குத் தோன்றியதே இல்லை.

2020 ஜூலை

விருதுநகரில் இருக்கும் என் அக்கா மகள் அப்போது பிளஸ் டூ மாணவி. கம்ப்யூட்டர் சயின்ஸ் பாடம் எடுத்திருந்தாள். தனியார் பள்ளி என்பதால் அரசு லேப்டாப் கிடையாது. கொரோனாவால் பள்ளி மூடிக் கிடந்தது. வீட்டில் நான் 2012-ல் அசெம்பிள் செய்து கொடுத்த கம்ப்யூட்டர் இருந்தது. ஜூலை நடுவில் அதன் மானிட்டர் போய்விட்டது. அக்கா போன் செய்தார்.

"தம்பி, மானிட்டர் கறுப்பா போயிருச்சு. சிபியு ஓடுது, லைட் எல்லாம் எரியுது. ஹால் டிவியில மாட்டலாமான்னு பிள்ளை கேக்குறா."

நான் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "வேண்டாம்க்கா. டிவியில எழுத்து சரியா தெரியாது. பிள்ளைக்குக் கண்ணு போயிரும். கொஞ்சம் பொறுங்க, நானே ஒரு மானிட்டர் பார்த்து அனுப்புறேன்."

மானிட்டர் கிடைக்கவில்லை. எல்லோரும் வீட்டில் இருந்து வேலை பார்க்கத் தொடங்கிய நேரம் அது. நான் விசாரித்த கடைகளில் ஸ்டாக் இல்லை. இருந்தவற்றின் விலை கட்டுப்படியாகவில்லை. அத்தானுக்கும் அப்போது பாதிச் சம்பளம்தான். இன்று, நாளை என்று தள்ளிப் போனது. அந்தப் பெண் 5.5 இஞ்ச் செல்போனில் பாடம் கவனித்தாள்.

நவம்பர் 14-ம் தேதி தீபாவளி. அப்போதுதான் அக்கா வீட்டுக்குப் போக முடிந்தது. மருமகளின் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன். பைத்தான் புரோகிராம்களைப் பேனாவால் எழுதி வைத்திருந்தாள். அவற்றில் பெரும்பாலானவற்றை அவள் ஒரு முறை கூட இயக்கிப் பார்த்தது இல்லை. விடை என்ன வரும் என்பதைத் தானே கணக்குப் போட்டுப் பார்த்து, பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் பிள்ளை. நல்ல நிலையில் ஒரு கம்ப்யூட்டர் அதே அறையில் துணி போட்டு மூடி இருக்கிறது.

எனக்கு உறுத்தியது. ஹாலுக்குப் போய் டிவியின் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன். எச்.டி.எம்.ஐ. சாக்கெட் இரண்டு. அவற்றுக்குப் பக்கத்தில் நீல நிறத்தில், 15 துளைகளுடன், பி.சி. இன்.

கடைக்குப் போய் எதுவும் வாங்கவில்லை. செத்துப் போன மானிட்டரில் தொங்கிய வி.ஜி.ஏ. கேபிளையே கழற்றினேன். சிபியுவை டிவி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நகர்த்தி மாட்டினேன். ரிமோட்டில் சோர்ஸ் பட்டனை அழுத்தி பி.சி.யைத் தேர்ந்தெடுத்தேன். விண்டோஸ் வந்தது. எழுத்துகள் சற்று மங்கலாக இருந்தன. ரெசல்யூஷனை 1360 × 768 என்று மாற்றி, டிவி மெனுவில் ஆட்டோ அட்ஜஸ்ட் கொடுத்ததும் எழுத்துகள் கூர்மையாக நின்றன. சத்தத்திற்குப் பழைய ஸ்பீக்கரே போதுமானதாக இருந்தது. மொத்தம் இருபது நிமிட வேலை. செலவு எதுவும் இல்லை.

மருமகள் கோபப்படவில்லை. "நான் அப்பவே கேட்டேன்ல மாமா" என்றாள். "மாட்டிப் பார்த்திருக்கலாமே, பாப்பா?" என்றேன். "நீங்க வேண்டாம்னு சொன்னீங்களே. உங்களுக்குத்தானே தெரியும்" என்றாள்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. எனக்கு இந்தத் தொழில் தெரியாமல் இருந்திருந்தால் அந்தப் பிள்ளை ஜூலையிலேயே மாட்டிப் பார்த்திருப்பாள்.

கண் கெட்டுப் போகுமா?

நான் பயமுறுத்திய விஷயத்திற்கு வருவோம். ஒரு சிறிய கணக்கு. 5.5 இஞ்ச் செல்போனின் அகலம் சுமார் 12 செ.மீ. அதை 30 செ.மீ. தூரத்தில் பிடித்துப் பார்க்கிறோம். 32 இஞ்ச் டிவியின் அகலம் சுமார் 71 செ.மீ. அதை 4 அடி, அதாவது 120 செ.மீ. தூரத்தில் உட்கார்ந்து பார்த்தால், ஆசிரியர் காட்டும் பக்கம் செல்போனில் தெரிவதைப் போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பெரியதாகத் தெரியும். கழுத்தைக் குனிய வேண்டியதில்லை. டைப் செய்ய முழு கீபோர்டு இருக்கும். "கண் போயிரும்" என்று சொல்லி நான் அந்தப் பெண்ணைத் தள்ளிய இடம், டிவியைவிட மோசமான இடம்.

தூரம் முக்கியம். 32 இஞ்ச் எச்.டி. ரெடி டிவியில் ஒரு புள்ளியின் அளவு சுமார் 0.52 மி.மீ. அதே எண்ணிக்கைப் புள்ளிகள் உள்ள 18.5 இஞ்ச் மானிட்டரில் 0.30 மி.மீ. மானிட்டருக்கு 2 அடியில் உட்காருபவர் டிவிக்கு மூன்றரை அடியில் உட்கார்ந்தால் எழுத்து ஒரே அளவில் தெரியும். 4 அடியில் உட்கார்ந்தால் விண்டோஸ் டிஸ்பிளே செட்டிங்ஸில் ஸ்கேல் அளவை 125 சதவீதம் வைக்கலாம். 6 அடி தள்ளி சோபாவில் உட்கார்ந்தால் 175 சதவீதம் வேண்டும். அவ்வளவு பெரிதாக்கினால் திரையில் இடம் போதாமல் போகும். எனவே படிப்பதற்கும் டைப் செய்வதற்கும் சோபாவை மறந்துவிடுங்கள். டிவிக்கு முன்னால் ஒரு சின்ன மேஜை போடுங்கள். டிவி சுவரில் உயரமாக மாட்டியிருந்தால் கழுத்து வலிக்கும். முடிந்தால் கீழே இறக்கி வையுங்கள்.

மாட்டும் முன் கவனிக்க வேண்டியவை

இனி உங்கள் வீட்டுக்கு வருகிறேன். மானிட்டர் பழுதாகிவிட்டதா? அல்லது லேப்டாப் திரை உடைந்து, மாற்றுவதற்குப் பெரிய தொகை கேட்கிறார்களா? பணம் கொடுக்கும் முன் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள்.

முதலில் இரண்டின் பின்பக்கத்தையும் பாருங்கள். இரண்டிலும் எச்.டி.எம்.ஐ. இருந்தால் ஒரே ஒரு கேபிள் போதும். படமும் சத்தமும் அதிலேயே போகும். சத்தம் வரவில்லை என்றால் விண்டோஸில் ஸ்பீக்கர் ஐகானைக் கிளிக் செய்து டிவியின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். இரண்டிலும் வி.ஜி.ஏ. இருந்தால் படம் மட்டும் வரும். சத்தத்திற்குத் தனி ஆடியோ கேபிளோ ஸ்பீக்கரோ வேண்டும்.

கம்ப்யூட்டரில் வி.ஜி.ஏ. மட்டும், டிவியில் எச்.டி.எம்.ஐ. மட்டும் இருந்தால் சாதாரண கேபிள் வேலை செய்யாது. இரு முனையிலும் இரு விதமான பின் வைத்து விலை குறைவாகக் கிடைக்கும் கேபிளை வாங்கி ஏமாறாதீர்கள். உள்ளே சிப் வைத்த கன்வெர்ட்டர் வேண்டும். அதிலும் வி.ஜி.ஏ.யில் இருந்து எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றுவது வேறு, எச்.டி.எம்.ஐ.யில் இருந்து வி.ஜி.ஏ.க்கு மாற்றுவது வேறு. இதைக் கடையில் தெளிவாகச் சொல்லி வாங்குங்கள்.

இரண்டையும் ஆப் செய்துவிட்டு மாட்டுங்கள். எர்த் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இரண்டையும் செருகுவது நல்லது. எர்த் சரியில்லாத வீடுகளில் ஸ்பீக்கரில் உறுமல் சத்தம் வரும்.

லேப்டாப் என்றால் விண்டோஸ் கீயை அழுத்திக்கொண்டு பி எழுத்தை அழுத்துங்கள். விண்டோஸ் 7-ல் இருந்து இந்த வசதி இருக்கிறது. இதில் செகண்ட் ஸ்கிரீன் ஒன்லி என்பதைத் தேர்ந்தெடுத்தால் படம் டிவியில் மட்டும் வரும்.

அடுத்து, நிறையப் பேர் பயந்துபோகும் ஒரு விஷயம். எச்.டி.எம்.ஐ.யில் மாட்டியதும் கீழே உள்ள டாஸ்க்பாரைக் காணோம், ஸ்டார்ட் பட்டன் பாதி வெட்டுப்பட்டுத் தெரிகிறது என்பார்கள். கம்ப்யூட்டரில் கோளாறு எதுவும் இல்லை. குண்டு டிவி காலத்தில் படத்தின் ஓரங்களை மறைப்பதற்காகப் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிக் காட்டும் பழக்கம் இருந்தது. தட்டை டிவிகளிலும் அது தொடர்கிறது. ஓவர்ஸ்கேன் என்று பெயர். டிவி மெனுவில் படத்தின் அளவுக்கான பகுதிக்குப் போனால் இதை நிறுத்தலாம். ஜஸ்ட் ஸ்கேன், ஸ்கிரீன் பிட், புல் பிக்சல், டாட் பை டாட் என்று கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும். வேலை ஒன்றுதான்.

எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரிந்தால் டிவியின் ஷார்ப்னஸைக் குறையுங்கள். டிவி படத்திற்கு அழகு கூட்டும் வசதி எழுத்துக்கு எதிரி. மவுஸ் சோம்பலாக நகர்ந்தால் கேம் மோடை ஆன் செய்யுங்கள். சில டிவிகளில் அந்த எச்.டி.எம்.ஐ. இன்புட்டின் பெயரை பி.சி. என்று மாற்றினாலே டிவி தன்னை மானிட்டராக மாற்றிக்கொள்ளும். சிவப்பு, நீல எழுத்துகள் மங்கலாகத் தெரிவது அப்போது சரியாகும்.

4கே டிவி வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பழைய கம்ப்யூட்டர்களில் உள்ள எச்.டி.எம்.ஐ. 1.4 முறையில் 4கே அளவில் நொடிக்கு 30 படங்கள்தான் போகும். மவுஸ் தாவித் தாவி நகரும். ரெசல்யூஷனை 1920 × 1080 என்று வைத்துவிடுங்கள். 4கே அதன் சரியான இரு மடங்கு என்பதால் எழுத்து தெளிவாகவே இருக்கும்.

எல்லோருக்கும் டிவி போதுமா?

போதாது. ஒரு தவறான பதிலுக்குப் பதிலாக இன்னொரு தவறான பதிலைச் சொல்ல நான் விரும்பவில்லை. தினமும் எட்டு மணி நேரம் டைப் செய்பவர், கணக்கு எழுதுபவர் மானிட்டர் வாங்குவதே நல்லது. உங்கள் டிவி ஓ.எல்.இ.டி. வகை என்றால் அசையாமல் நிற்கும் டாஸ்க்பார் நாளடைவில் திரையில் தழும்பாகப் பதியலாம். டாஸ்க்பாரை மறையும்படி செட் செய்துகொள்ளுங்கள். மின்சாரமும் சற்றுக் கூடும். டிவியின் பின்புற லேபிளில் எத்தனை வாட் என்று இருக்கும். 50 வாட் டிவி ஆறு மணி நேரம் ஓடினால் 0.3 யூனிட். உங்கள் மானிட்டரின் லேபிளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதைவிடப் பெரிய பிரச்னை ரிமோட் யார் கையில் என்பது. அக்கா வீட்டில் முதல் வாரமே அது வந்துவிட்டது. மருமகளின் அப்பத்தாவுக்கு மாலை ஆறு மணிக்கு மேல் சீரியல். அந்த வீட்டில் அந்த அம்மாவுக்கு வேறு பொழுதுபோக்கு கிடையாது. அவரைக் குறை சொல்ல முடியாது. கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். காலை முதல் மாலை ஆறு மணி வரை பேத்திக்கு. ஆறு முதல் ஒன்பது வரை அப்பத்தாவுக்கு. அதன்பிறகு மறுபடியும் பேத்திக்கு. எழுதி வைத்திருந்த நான்கு மாத பைத்தான் புரோகிராம்களை அவள் இரவில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அடித்து இயக்கிப் பார்த்தாள். பென்சிலால் எழுதிய விடைகளில் எத்தனை சரி என்று பக்கத்திலேயே டிக் போட்டிருந்தாள். பெரும்பாலும் சரிதான். தவறானவற்றைத்தான் முன்னாடியே இயக்கிப் பார்த்திருக்க வேண்டும்.

2021 ஜனவரி 19 அன்று பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் டூவுக்கும் பள்ளிகள் திறந்தன. பிப்ரவரியில் நான் பழைய மானிட்டர் ஒன்றைத் தேடிப் பிடித்து அனுப்பினேன். ஜூன் மாதம் அரசு பிளஸ் டூ பொதுத்தேர்வையே ரத்து செய்தது. மதிப்பெண்ணில் அந்த நான்கு மாதத்தால் நஷ்டம் இல்லை என்று நான் ஆறுதல் பட்டுக்கொள்ளலாம். ஆனால் கற்றுக்கொள்ளாமல் போனதற்கு மதிப்பெண் ஈடாகாது.

ஸ்மார்ட் டிவி இருக்கும்போது கம்ப்யூட்டர் எதற்கு?

இப்போது பலர் கேட்கும் கேள்வி இது. யூடியூப் மட்டும் போதும் என்பவருக்கு ஸ்மார்ட் டிவியே போதும். ஆனால் டிவி பேனல் பத்து ஆண்டுகள் உழைத்தாலும் அதன் உள்ளே உள்ள சாப்ட்வேர் அத்தனை ஆண்டுகள் புதுப்பிக்கப்படுவது அரிது. 2019 டிசம்பரில் சில பழைய ஸ்மார்ட் டிவிகளில் நெட்பிளிக்ஸ் நிறுத்தப்பட்டது ஓர் உதாரணம். ரிமோட்டை வைத்து ஒரு விண்ணப்பத்தை நிரப்பிப் பாருங்கள், பொறுமை போய்விடும். ஒரு பழைய கம்ப்யூட்டரை மாட்டிவிட்டால் எந்தத் தட்டை டிவியும் முழு கம்ப்யூட்டர் ஆகிவிடும்.

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14 அன்று பொதுவாக முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 ஏற்காத கம்ப்யூட்டர்களைப் பலர் பழைய இரும்புக்குப் போடுகிறார்கள். அக்கா வீட்டுக் கம்ப்யூட்டரும் அந்த ரகம்தான். நான் அதில் லினக்ஸ் மின்ட் போட்டு, பழையபடி ஹால் டிவியிலேயே மாட்டிவிட்டேன். அத்தான் மின்கட்டணம் கட்டுவது, அக்கா சமையல் வீடியோ பார்ப்பது, குடும்ப போட்டோக்களைப் பார்ப்பது எல்லாம் அதில்தான். மருமகள் இப்போது வேலைக்குப் போகிறாள். சொந்த லேப்டாப் வைத்திருக்கிறாள்.

என் தொழிலில் உள்ளவர்களுக்கு

கடைசியாக, என்னைப் போல சர்வீஸ் செய்யும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. மானிட்டர் போய்விட்டது என்று ஒருவர் வந்தால், புது மானிட்டர் விலையைச் சொல்லும் முன் "வீட்டில் என்ன டிவி இருக்கிறது?" என்று கேளுங்கள். பின்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒரு மானிட்டர் விற்பனை குறையலாம். ஆனால் அந்த வீட்டுப் பிள்ளை அன்று மாலையே வேலையைத் தொடங்கிவிடும்.

நான் இப்போது இன்னொரு பழக்கமும் வைத்திருக்கிறேன். யாராவது கேட்டு, "முடியாது" என்று சொல்ல வாய் வரும்போது, இதைக் கடைசியாக எப்போது செய்து பார்த்தோம் என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். ஐந்து வருடத்திற்கு மேல் ஆகியிருந்தால் "மாட்டிப் பாருங்கள், எனக்கும் சொல்லுங்கள்" என்கிறேன்.

உங்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன். நான் இங்கே எழுதியதும் இன்றைய நிலவரம்தான். சில ஆண்டுகள் கழித்து இந்த இதழை எடுத்துப் படிக்க நேர்ந்தால், என் வார்த்தையை நம்புவதற்கு முன் உங்கள் டிவியின் பின்னால் ஒரு முறை டார்ச் அடித்துப் பாருங்கள்.